தீவுகளின் ஊர்கள் – 9: நிலம் தனியாள் பெயரில், தண்ணீர் ஊர் பெயரில்

சென்ற வாரம் கடலோரத்தில் நின்றோம். இந்த வாரம் மலையேறுவோம். பாலித் தீவின் தபானான் மாவட்டத்தில், 2,276 மீட்டர் உயரமுள்ள பத்துக்காரு மலையின் தென்சரிவில் இருக்கிறது ஜத்திலுவி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். தலைநகர் டென்பசாரிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஊரை நெருங்கும்போதே இருபுறமும் படிப்படியாக நெல்வயல்கள் இறங்க ஆரம்பித்துவிடும். 2012இல் யுனெஸ்கோ பாலியின் பாசன நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் ஜத்திலுவியும் இடம்பெற்றது. 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலா கிராமங்கள் வரிசையிலும் இந்த ஊர் சேர்ந்தது.

பேர் பரவப் பரவ, இங்கே இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். வயலைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. வயலில் ஒரு துண்டை வாங்கி வில்லா கட்ட முடியுமா என்று விசாரிக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. 2024இல் பாலிக்கு வந்த வெளிநாட்டவரில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வந்தவர்கள் இந்தியர்கள்தான். அதனால் இந்த இரண்டாவது விசாரணையில் நம்மவர்கள் குரலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அப்படி விசாரிக்கிறவர்கள் நிலத்தைப் பார்ப்பதற்கு முன் அதில் ஓடும் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

பாலியில் பாசனத்தை நடத்துவது சுபக் என்ற விவசாயிகள் சபை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். தலைவருக்குப் பெக்காசே என்று பெயர். அவிக் அவிக் என்ற ஊர்ச்சட்டம் உண்டு. வாய்க்கால் தூர்வாரும் நாளில் ஆள் வராவிட்டால் அபராதமும் உண்டு. ஆயிரம் வருடங்களைத் தொடும் பழமை கொண்ட ஏற்பாடு இது. 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ராஜாக்கள் போனார்கள், டச்சுக்காரர்கள் வந்து போனார்கள், சுபக் மட்டும் நிற்கிறது.

வரப்பு வழியே கொஞ்ச தூரம் நடந்தால், வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு மரக்கட்டை குறுக்கே பதித்திருப்பதைப் பார்க்கலாம். இதுதான் தெம்புக்கு. கட்டையின் மேல்விளிம்பில் பள்ளம் பள்ளமாகச் செதுக்கியிருப்பார்கள். இரண்டு பங்குக்காரருக்கு அகலப் பள்ளம், ஒரு பங்குக்காரருக்கு அதில் பாதி. ஆழம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆற்றில் தண்ணீர் பெருகினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. மீட்டர் இல்லை, பூட்டு இல்லை. யார் பள்ளத்தில் எவ்வளவு போகிறது என்பதை வழியே போகிற எவரும் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

சரி, மேட்டில் இருப்பவர் பள்ளத்தில் இருப்பவருக்கு ஏன் தண்ணீர் விட வேண்டும்? அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் பல வருடம் பாலியில் ஆராய்ந்தது இந்தக் கேள்வியைத்தான். பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் அறுத்து, ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது, கூட்டத்தோடு செத்துப்போகும். ஆளுக்கொரு நாளில் நட்டால், பூச்சி வயல் விட்டு வயல் தாவிப் பிழைத்துக்கொள்ளும். மேட்டு விவசாயிக்குத் தண்ணீர்ப் பயம் இல்லை, பூச்சிப் பயம் உண்டு. பள்ளத்து விவசாயிக்குத் தண்ணீர்ப் பயம். ஒருவர் தண்ணீர் விடுகிறார். மற்றவர் அவரோடு சேர்ந்து நடுகிறார். எந்தப் பகுதி எப்போது நடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்கிறார்கள்.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. கோயில் நாள்காட்டியை விட்டுவிட்டு, குறுகிய கால ரகங்களை முடிந்தமட்டும் அடுத்தடுத்து நடச் சொன்னது அரசு. முதலில் விளைச்சல் ஏறியது. பிறகு புகையானும் துங்ரோ நோயும் பரவின. தண்ணீர் முறை குலைந்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. பழைய முறைக்குத் திரும்பிய பிறகுதான் நிலைமை சீரானது. லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் கணினியில் மாதிரி அமைத்துப் பார்த்தார்கள். கோயில்கள் வகுத்த முறைதான் அதிக விளைச்சலுக்கு மிக நெருக்கமாக வந்தது.

இப்போது நிலம் வாங்கும் கதைக்கு வருவோம். இங்கே நிலத்தை 'ஆரே' கணக்கில் விற்கிறார்கள். ஓர் ஆரே 100 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, ஹக் மிலிக் எனும் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவர் குத்தகைக்கு எடுக்கலாம். தங்கும் அனுமதி இருந்தால் ஹக் பாக்காய் எனும் பயன்பாட்டு உரிமை பெறலாம். உள்ளூர்க்காரர் ஒருவர் பேரில் பத்திரம் போட்டுக்கொண்டு அனுபவிக்கலாம் என்று தரகர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த வகைக் கைமாற்றம் செல்லாது என்றும், நிலம் அரசுக்குப் போய்விடும் என்றும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதோடு, உணவுப் பயிர் நிலங்களைக் காக்க 2009இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட வயலில் கட்டடம் எழுப்பினால் அபராதத்தோடு சிறைத் தண்டனையும் உண்டு.

சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. படிக்கட்டு வயலில் நடுவே ஒரு துண்டில் கான்கிரீட் போட்டால், அதற்குக் கீழே இருக்கும் வயல்களின் வாய்க்கால் எந்தப் பக்கமாகப் போகும்? தூர்வார ஓர் ஆள் குறைகிறார். ஒரே நாளில் நடும் கூட்டத்தில் ஓர் இடைவெளி விழுகிறது. சுற்றுவட்டாரத்தில் நில மதிப்பு ஏறுகிறது. மதிப்போடு நில வரியும் ஏறுகிறது. நெல் விற்ற காசில் வரி கட்ட முடியாத பக்கத்து விவசாயியும் விற்க நேர்கிறது. தெற்குக் கடற்கரையின் சாங்கூ பகுதியில் இதுதான் நடந்தது. வயல் தெரியும் ஜன்னல் என்று விளம்பரம் செய்து கட்டிய வில்லாக்களின் ஜன்னலில் இன்று தெரிவது அடுத்த வில்லாவின் சுவர்.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஜத்திலுவியின் வயலை விலைக்குக் கேட்காதீர்கள். விவசாயிகள் கூடி உழைப்பதால்தான் அந்தக் காட்சி இருக்கிறது. துண்டு போட்டால் வாங்கியவருக்கும் கிடைக்காது, விற்றவருக்கும் மிஞ்சாது.

ஆனால் தாராளமாகப் போய்ப் பாருங்கள். விவசாயி வீட்டு அறையில் ஓர் இரவாவது தங்குங்கள். இந்த ஊரின் பெருமை சிவப்பரிசி. ஆளுயரம் வளரும் உள்ளூர் ரகம், விளைய ஐந்தாறு மாதம் ஆகும். அதை அறுக்க அனி-அனி என்ற சின்னக் கத்தி இருக்கிறது. உள்ளங்கைக்குள் மறையும் அலகு. விரலால் தாளை இழுத்துக் கதிர் கதிராகக் கொய்வார்கள். அந்த அரிசியை ஊரிலேயே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். வரப்பில் நடக்கும்போது எதிரே சுமையோடு விவசாயி வந்தால் நீங்கள் ஒதுங்குங்கள். வயல் மூலையில் இருக்கும் சிறு கோயில்களில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். நெல்லுக்குக் கிடைக்கும் விலையும் வருகிறவர்கள் தரும் காசும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குப் போதுமென்றால், தரகர் எவ்வளவு பெரிய தொகை சொன்னாலும் அந்த வீட்டில் இல்லை என்று சொல்லும் தைரியம் இருக்கும்.

(அடுத்த வாரம்: ஜாவாவின் தியேங் மேட்டுநிலம், உருளைக்கிழங்கு மலைச்சரிவை என்ன செய்தது?)