கடன் அட்டையும் கடன் மதிப்பெண்ணும்

கடன் அட்டை பெறாதார்க்குக் கடன் மதிப்பெண் உண்டாகாது என்றோர் எண்ணம் நம் சேலம், நாமக்கல் பகுதிகளிற் பரவியுள்ளது. அதன் உண்மையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பாங்குகளும் பதிவுபெற்ற நிதிக் கம்பெனிகளும் தாம் கொடுத்த கடன் தவணை தவறாது திரும்புகின்றதா என்னுஞ் செய்தியைக் கடன்தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. அவற்றுள் முந்தியது 2000இல் தோன்றிய சிபில். 2005ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிறுவனங்களை ரிசர்வ் பாங்கின் மேற்பார்வைக்கு உட்படுத்திற்று. வந்த செய்திகளைக் கொண்டு 300 முதல் 900 வரை ஓர் எண் கணிக்கப்படுகின்றது. ஆகவே வேண்டுவது கடனும் அதனைத் தீர்த்துவந்த வரலாறுமேயன்றி அட்டையன்று. சேமிப்புக் கணக்கில் எத்துணைப் பொருள் குவிப்பினும் இவ்வெண் பிறவாது என்பது பலரை வியப்பிலாழ்த்தும்.

நாமக்கல்லில் யாம் அறிந்த லாரி உரிமையாளர் சிலர் அட்டையைக் கையாலும் தொட்டிலர். வண்டிக்கடனை மாதந்தோறும் கட்டிவந்தமையால் அவர்க்கு மதிப்பெண் தானே அமைந்தது. பாங்கில் வாங்கும் நகைக்கடனும் கல்விக்கடனும் அவ்வாறே. 1998இல் வந்த கிசான் கடன் அட்டையோ பெயரளவில் அட்டை, உண்மையிற் பயிர்க்கடனே.

இனி, இரங்கத்தக்கது ஒன்றுண்டு. ஊர்ப் பைனான்சுக்காரரிடமும் அடகுக்கடையிலும் இருபதாண்டு கொடுக்கல் வாங்கல் செய்து, ஒருநாளும் நாணயம் தவறாத ஓட்டுநர் ஒருவர் சொந்த லாரி வாங்க விழைகின்றார் என்க. ஊரார் நாவில் அவர் நாணயஸ்தர். சிபில் ஏட்டிலோ அவர்க்கு ஒரு வரியும் இல்லை. பைனான்சுக்காரர் கைநோட்டில் எழுதியது அங்கே சென்று சேர்வதில்லையன்றோ? இத்தகையோர் மீண்டும் மிகுவட்டிக்கே தள்ளப்படுகின்றனர். முதன்முறை கடன் கேட்போரை வரலாறின்மை ஒன்றே காரணமாக விலக்கலாகாதென ரிசர்வ் பாங்கு 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது நன்றே. ஆயினும், இறுதி முடிவு கடன் கொடுப்போர் கையில்தான் உள்ளது. சிறியதொரு நகைக்கடனைப் பாங்கில் வாங்கிக் காலத்தில் மீட்பதே அன்னார்க்கு எளிய தொடக்கம் என்பது எம் கருத்து.

மைத்துனருக்கோ பங்காளிக்கோ ஜாமீன் கையெழுத்திடுவோரும் இதனை அறிதல் வேண்டும். அக்கடன் ஜாமீன்தாரர் ஏட்டிலும் ஏறும். அவர் தவறினால் இவர் எண்ணுங் குறையும்.

தம் ஏட்டினை ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பிழை காணின் முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடின், 2024 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.