கட்டாயச் சிகிச்சை: ஜெனீவாவுக்கு முன் சேலத்தில் தட்டவேண்டிய கதவுகள்

வீட்டில் ஒருவர் குடியை விடவில்லை என்றால் நாலு ஆட்களோடு வண்டி வரும். கையைக் காலைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போவார்கள். மூன்று மாதம் கழித்து வந்து பாருங்கள், அதுவரை போன் கூடாது என்பார்கள். சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி வட்டாரத்தில் இப்படியொரு கதையைக் கேள்விப்படாத ஊர் குறைவு. குடிகாரர்களுக்கு மட்டும் இது நடப்பதில்லை. மாமியார் வீட்டோடு ஒத்துப்போகாத மருமகள், வேறு சாதிப் பையனைத்தான் கட்டுவேன் என்று நிற்கும் மகள், பாகப் பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் தம்பி, இவர்களுக்கும் 'மனசு சரியில்லை' என்று ஒரு பெயர் சூட்டி ஹோமில் சேர்த்துவிட முடிகிறது. அதன்பிறகு அவர்கள் பேச்சு எங்கேயும் எடுபடாது. கோபப்பட்டால் நோய், அழுதால் நோய். எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் நோய் முற்றிவிட்டது என்பார்கள்.

மனநோய் உண்மையானது. மருந்தால் தேறி, வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து நிற்பவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். சிகிச்சையே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. சட்டம் சொன்ன முறையை மீறி ஒருவரை அடைத்துவைப்பது குற்றம், அப்படி அடைபட்டவருக்குக் கேட்க இடம் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது சொந்தக் குடும்பம்தான். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைக் கையில் எடுத்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, எந்த வகையிலும் யாரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 95ஆம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது.

அந்தச் சட்டத்தில் மனநோய் என்பதற்குள் மது, போதைப் பழக்கத்தால் வரும் நிலைகளும் அடங்கும். ஆகவே குடிமறுவாழ்வு மையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வண்டியில் தூக்கிப்போகப்பட்ட குடிகாரருக்கும் எல்லா உரிமையும் உண்டு. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்கும் இடத்தில் ஆளை விட்டுவிட்டு வரக்கூடாது.

மூன்றாம் பிரிவை நம் பெண்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஊர் வழக்கத்துக்கும் ஒழுக்க நெறிக்கும் மத நம்பிக்கைக்கும் ஒருவர் கட்டுப்படவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்க முடியாது. முன்பு எப்போதோ சிகிச்சை எடுத்தார் என்பது மட்டும் இன்றைக்கு ஆதாரமாகாது. தகுதியுள்ள நீதிமன்றம் சொல்லாதவரை, நோய் இருக்கிறது என்பதற்காக ஒருவரைப் 'புத்தி சுவாதீனம் இல்லாதவர்' என்று கொள்ளவும் முடியாது.

விருப்பமில்லாதவரைச் சேர்க்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது, 89ஆம் பிரிவு. அந்த வழி குறுகலானது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, தனித்தனியாக ஆளை நேரில் பார்த்திருக்க வேண்டும். அதுவும் சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலை, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத ஆபத்தான நிலை என்று இருவரும் சொல்ல வேண்டும். அதிகபட்சம் 30 நாள். சம்மதம் தரும் திறன் திரும்பியிருக்கிறதா என்று ஏழு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சேர்த்த தகவல் ஏழு நாட்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும். பெண்களும் சிறார்களும் என்றால் மூன்றே நாள்.

டாக்டரைப் பார்க்காமலே வண்டியில் ஏற்றி, வழியிலேயே ஊசி போட்டுக் கொண்டுபோவதற்கு இதில் எங்கே இடம் இருக்கிறது? டெல்லியில் 2017இல் நடந்தது இதுதான். பெற்றோரை விட்டு வேறொரு குடும்பத்தோடு வாழ்ந்த வயதுவந்த பெண்ணை, பெற்றோர் சொல்கேட்டுத் தனியார் மனநல மருத்துவமனை ஆம்புலன்ஸில் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோனார்கள். ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அது சட்டவிரோதம் என்று 2018 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோர் என்பதற்காக வயதுவந்த மகளின் வாழ்க்கையை அவர்கள் தீர்மானிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னது. நமக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. சேலம் மாவட்டத்துக்காரர்கள் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் மனுக் கொடுத்து, அடைத்துவைக்கப்பட்டவரைத் தேடி மீட்க ஆணை கேட்கலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 100ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

உள்ளே இருப்பவருக்கும் வழி உண்டு. மறுஆய்வு வாரியத்தின் முகவரியையும் போன் எண்ணையும் ஒவ்வொரு மையமும் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும். கேட்டால் விண்ணப்பப் படிவம் கொடுக்க வேண்டும். வாரியத்துக்கு இலவசமாகப் போன் பேச விட வேண்டும். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைமையில் இயங்கும் அந்த வாரியத்தில், மனநோயை அனுபவித்தவர்களோ அவர்களைப் பராமரிப்பவர்களோ கூட உறுப்பினராக இருப்பார்கள். வாரியத்தின் முடிவு ஏற்புடையதாக இல்லை என்றால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் 15100ஐ அழைத்தால் சட்டப் பணிகள் ஆணையம் உதவும். சேலத்தில் மாவட்ட ஆணையம் இருக்கிறது.

இனி, நெஞ்சை அதிகம் அறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தாயை ஹோமில் விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வது. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அதையும் 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 30 நாளைத் தாண்டினால் மாநில மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குக் குடும்ப நீதிமன்றமும், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நடுவர் நீதிமன்றம் தரும் தற்காலிகப் பொறுப்பு ஆணையும் இருக்கின்றன. எதிர்த்தரப்பு 'இவள் மனநோயாளி' என்று மருந்துச் சீட்டை நீட்டினால், அதை அங்கேயே மறுத்துப் பேசுங்கள். அப்படி மறுத்தால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதை மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டாக வேண்டும். நோயின் பெயர் மட்டும் விவாகரத்துக்குப் போதாது, அதன் தீவிரம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது.

உள்ளூரில் எல்லாக் கதவும் சாத்தப்பட்டால் ஐ.நா.வுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். நேரடியான பதில் கசப்பானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றது. ஆனால் தனிமனிதர் அந்த உடன்படிக்கைக்கான ஐ.நா. குழுவிடம் புகார் கொடுக்க வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையிலும் அதே கதை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்டதோடு நிற்கிறது, ஏற்புறுதி செய்யவில்லை.

அந்த மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பு, குழந்தைக்கு இருக்கும் குறைபாட்டையோ பெற்றோருக்கு இருக்கும் குறைபாட்டையோ காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. நம்முடைய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, குழந்தையின் குறைபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. தாயின் நிலை விடுபட்டுப்போயிற்று. இந்த விடுபடல் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. 2019இல் இந்தியாவின் அறிக்கையை ஆராய்ந்த ஐ.நா. குழு, கட்டாயமாகச் சேர்க்கவும் சிகிச்சை தரவும் இடம் கொடுக்கும் சட்டங்களையே மாற்றச் சொன்னது. அப்படிப்பட்ட ஆய்வு நடக்கும்போது அமைப்புகள் தனி அறிக்கை அனுப்ப முடியும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் நிலை வேறு. நார்வேயின் ஸ்டாவாங்கரில் 2011இல் ஓர் இந்தியத் தம்பதியிடமிருந்து இரண்டு குழந்தைகளைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கொண்டது. தாயின் மனநிலையும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இந்திய அரசு தலையிட்டபின் 2012இல் குழந்தைகள் சித்தப்பாவிடம் வந்தார்கள். தாய் கொல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போய் 2013இல்தான் அவர்களைத் திரும்பப் பெற்றார். ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் உள்நாட்டு இறுதித் தீர்ப்பிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம். குழந்தையைப் பிரித்த வழக்கில் 2019இல் அந்த நீதிமன்றத்தின் பெரும் அமர்வு நார்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறது.

வாழப்பாடியில் இருப்பவருக்கு ஜெனீவாவில் மிஞ்சியிருப்பது ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்களும், சட்டவிரோதமாக அடைத்துவைப்பதை விசாரிக்கும் பணிக்குழுவும்தான். இவர்களுக்கு எழுத, இந்தியா எந்த விருப்ப நெறிமுறையிலும் சேர்ந்திருக்கத் தேவையில்லை. உள்ளூர் வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இணையத்திலேயே அனுப்பலாம். அவர்கள் அரசுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்பார்கள். தீர்ப்புப்போல அது கட்டுப்படுத்தாது. அரசு பதில் சொல்லவேண்டிய நெருக்கடியை மட்டும் உண்டாக்கும். இன்னொன்று: ஐ.நா. கேள்வி கேட்பது அரசைத்தான். புருஷனையோ ஹோம் நடத்துபவரையோ அல்ல. ஆகவே அரசுக்குத் தெரிந்தும் அது கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்று காட்ட வேண்டும்.

அதைக் காட்டுவது காகிதம்தான். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வராதீர்கள். மறுஆய்வு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் மனுவை ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுதிவிட வேண்டும். அதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். வெளியே வந்தவர் தன் மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் உரிமை அது. எந்தத் தேதியில், யார் கையெழுத்தில், எந்தப் பிரிவின்கீழ் சேர்த்தார்கள், எந்தெந்த டாக்டர் பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லை என்றால் அந்த இல்லாமையே உங்கள் வழக்குக்குச் சாட்சி.

சண்டை வருவதற்கு முன்பே செய்துவைக்கக்கூடிய ஒன்றும் உண்டு. வயதுவந்த யாரும் தமக்கு நியமனப் பிரதிநிதி யார் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிடலாம். கணவர்தான் என்றில்லை, அண்ணன், தோழி, நம்பிக்கையான வயதுவந்த யாரும் ஆகலாம். 89ஆம் பிரிவின்கீழ் உங்களைச் சேர்க்க விண்ணப்பம் போட வேண்டியவர் அந்த நபர்தான். எழுதிவைக்காவிட்டால் சட்டம் உறவினரைத் தேடிப்போகும். எழுதிய தாளில் ஒரு நகலை அவரிடமும் இன்னொன்றை வேறு வீட்டிலும் கொடுத்துவையுங்கள்.