இத்தாலியில் ஒரு பருவம்: புறப்படும் முன்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இத்தாலிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்வது, விமான டிக்கெட்டுக்கு அவசரப்படாதீர்கள் என்பதுதான். அங்கே எடுக்கும் பாடங்களை உங்கள் கல்லூரி ஏற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. இல்லாவிட்டால் திரும்பி வந்து அதே பருவத்தை மறுபடி படிக்க நேரும், கட்டிய பணமும் வீண்.

அங்கே மதிப்பெண் 30-க்கு. 18 எடுத்தால் தேர்ச்சி. பல தேர்வுகள் பேராசிரியர் முன் வாய்மொழியாகவே நடக்கும். கூச்சப்படுகிற பிள்ளைகள் இப்போதே பேசிப் பழகட்டும். முதல் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வருவதால் டிசம்பரில் ஊர் திரும்பத் திட்டமிட வேண்டாம்.

90 நாளுக்கு மேல் தங்க 'டி' வகை விசா வேண்டும். இறங்கிய 8 வேலைநாட்களுக்குள் தபால் நிலையம் வழியாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே தரும் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அட்டை கைக்கு வரும்வரை அதுதான் சான்று.