உங்களுக்குத் தெரியுமா? ஹெட் போல்ட்டா, ஸ்டட்டா?

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் சின்னசேலத்தைக் கடக்கும் வண்டிகள் பலவற்றில் என்ஜின் ஹெட்டைப் பிடித்திருப்பவை சாதாரண போல்ட்டுகள்தான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்துக்கு வண்டி தயாரிப்பவர்கள் ஸ்டட் (இரு முனையிலும் மரையுள்ள தண்டு) கேட்பதற்குக் காரணம் உண்டு.

டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் விசையில் சுமார் 10 சதவீதம்தான் ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறது; மற்றதெல்லாம் உராய்விலேயே போய்விடும். போல்ட் என்றால் பிளாக்கின் மரைக்குள் உரசி முறுக்கிக்கொண்டேதான் நீளும். ஸ்டட்டைப் பிளாக்கில் கையால் திருகி நிறுத்திவிட்டு, மேலே நுண்மரையில் எண்ணெயிட்ட நட்டை இறுக்குகிறோம். அதனால் ஸ்டட் பெரும்பாலும் நேராகவே இழுபடும். எல்லா இடத்திலும் பிடி ஒன்றுபோல் விழும். ஹெட்டை அடிக்கடி கழற்றினாலும் பிளாக்கின் மரை தேயாது. பந்தயத்துக்காக டர்போ பூட்டிய என்ஜினுக்கு ஸ்டட்டே சரி.

குறையும் உண்டு. ஸ்டட்டின் முழு உயரத்துக்கும் ஹெட்டைத் தூக்க வேண்டும். சில வண்டிகளில் பானெட்டுக்குள் அதற்கு இடம் போதாது. கல்வராயன் மலையேறும் சரக்கு வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன புது போல்ட்டே போதும்.

எதைப் போட்டாலும் பிளாக்கின் துளைகளை முதலில் துடைத்துவிடுங்கள். அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால், இறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடலாம்.