நங்கூரமும் நாவின் ருசியும்

கப்பல் பிரயாணம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது தலைச்சுற்றலும் எலுமிச்சம்பழமுமே. ஆனால் வேறொரு வகைப் பிரயாணமும் உண்டு. காலையில் பலகாரத்தை முடித்துக்கொண்டு பாயை விரிப்பது; பகலெல்லாம் காற்றின் போக்கை அனுசரித்துச் செல்வது; மாலையில் ஓர் அமைதியான கழியில் நங்கூரம் பாய்ச்சிவிட்டுக் கரையேறி, அந்த ஊருக்கே உரிய பண்டத்தை ருசி பார்ப்பது. இத்தகைய ஒரு நாள் யாத்திரைக்கென்றே இயற்கை அமைத்துக் கொடுத்தது போன்ற இடம், ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செஸபீக் விரிகுடா.

இதைக் கடல் என்பதா, நதி என்பதா? சுமார் பத்தாயிரம் வருஷங்களுக்கு முன் பனிப்பாறைகள் உருகிச் சமுத்திரம் உயர்ந்தபோது, ஸஸ்குவெஹானா நதியின் பள்ளத்தாக்கு மூழ்கியதால் உண்டானது இந்த விரிகுடா. நீளம் ஏறக்குறைய 200 மைல். சராசரி ஆழமோ 21 அடிதான். மூழ்கிய நதியின் கிளைகளெல்லாம் கழிகளாகவும் ஓடைகளாகவும் இரு கரைகளிலும் புகுந்திருக்கின்றன. அவற்றின் வளைவு நெளிவுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் கரையின் நீளம் 11,000 மைலுக்கு மேல் போகிறது! ஒதுங்குவதற்கு இடமில்லையே என்ற கவலை மாலுமிக்கு இல்லை. எந்த இடத்தில் ஒதுங்குவது என்பதே கவலை.

இடம் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது தூரம். சாதாரணப் பாய்மரப் படகு மணிக்கு ஐந்து கடல்மைல் போகும். ஆகவே, 25 கடல்மைலுக்குள் உள்ள இடத்தைக் குறித்துக்கொண்டால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரலாம். அடுத்தது காற்று. கோடையில் பகல் வேளையில் பெரும்பாலும் தெற்கேயிருந்து இதமான காற்று வீசும். அதை நம்பித் தெற்குப் பக்கம் மட்டும் மறைவுள்ள இடத்தில் தங்கினால், சாயங்காலம் மேற்கே இடிமேகம் திரண்டு வடமேற்கிலிருந்து சூறை வரும்போது திண்டாட வேண்டியதுதான். இரு திசைக்கும் மறைவு தரும் கழியே உத்தமம்.

மூன்றாவது ஆழம். பள்ளிக்கூடக் கணக்குப் போல இதைச் செய்து பார்க்கலாம். நீர் எட்டடி, நீர்மட்டத்திலிருந்து படகின் முனை நாலடி, கடல் ஏற்றம் இரண்டடி. ஆக 14 அடி. கயிறு இதைப்போல் ஏழு மடங்கு இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 98 அடிக் கயிறு விட வேண்டும். கயிறு நீளமாகக் கிடந்தால்தான் நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும்; அதுவும் சேற்றில் ஆழப் பதியும். குறைத்து விட்டாலோ மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். கயிறு விஷயத்தில் சிக்கனம் கூடாது!

நாலாவதாக ஒன்று உண்டு. கடல் வரைபடத்தில் அது குறிக்கப்பட்டிராது. கரையில் நமக்குச் சோறு போடுவார் யார் என்பதே அது. மற்ற மூன்றையும் இயற்கை கொடுத்துவிடும். இந்த நாலாவதை மனிதர்தாம் கொடுக்க வேண்டும்.

மேரிலாந்து ராஜ்யத்தின் தலைநகரான அன்னபோலிஸிலிருந்து புறப்படுவோம். அமெரிக்காவின் சுதந்திரத்தைப் பிரிட்டன் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையை, 1784 ஜனவரி 14-ஆம் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் ஊர்ஜிதம் செய்தது இந்நகரின் ராஜ்ய மாளிகையில்தான். ஊரின் நடுவே நுழையும் குறுகிய நீர்ச்சந்துக்கு ‘அகம்பாவச் சந்து’ என்று பொருள்படும் பெயரை ஜனங்கள் சூட்டியிருக்கிறார்கள். பணக்காரர்கள் தங்கள் படகுகளைக் காட்டிக்கொள்ளவே அதற்குள் வந்து திரும்புகிறார்களாம்!

அங்கிருந்து விரிகுடாவைக் குறுக்கே கடந்து, சுமார் 25 கடல்மைல் சென்றால், மைல்ஸ் நதிக்கரையில் ஸெயின்ட் மைக்கேல்ஸ் என்ற சிற்றூர். இங்கே விசேஷம் நீல நண்டு. ஆவியில் வேகவைத்து, மிளகாயும் மிளகும் செலரி உப்பும் கலந்த பொடியை மேலே தாராளமாகத் தூவி, காகிதம் விரித்த மேஜையில் அப்படியே கொட்டிவிடுகிறார்கள். தட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு மரச்சுத்தி. உடைத்து உடைத்துத் தின்பதற்குள் இரண்டு மணி நேரம் கழிகிறது, பேச்சும் வளர்கிறது. அந்தப் பொடிக்கும் ஒரு கதை உண்டு. நாஜிகளின் புக்கன்வால்ட் சிறைமுகாமிலிருந்து தப்பிப் பிழைத்த குஸ்டாவ் ப்ரன் என்ற யூத வியாபாரி, மசாலா அரைக்கும் சிறு இயந்திரத்துடன் பால்டிமோர் வந்து சேர்ந்து உண்டாக்கியது அது.

மாமிசம் உண்ணாத நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இக்கரையில் விளையும் இனிப்புச் சோளக்கதிரும் தக்காளியும் முலாம்பழமும் பெயர் பெற்றவை. அருகிலுள்ள வை நதியின் கழிகளில் தங்க எண்ணினால் இவற்றை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நலம். அங்கே மரங்களும் நிசப்தமும் உண்டு, கடை கிடையாது.

இவ்வழியே போகிறவர்கள் மறக்கக்கூடாத பெயர் ஒன்று இருக்கிறது. ஃப்ரெடரிக் டக்ளஸ் 1818-இல் இப்பகுதியில் அடிமையாய்ப் பிறந்தவர். வை நதிக்கரைப் பெருநிலக்காரரின் பண்ணையில் சிறு பிராயத்தைக் கழித்தார். 1834-இல் ஸெயின்ட் மைக்கேல்ஸுக்கு அருகே ஒரு கொடியவனிடம் வேலைக்கு விடப்பட்டபோது, விரிகுடாவில் செல்லும் வெண்ணிறப் பாய்களைப் பார்த்து, இவை சுதந்திரமாய்ப் போகின்றனவே, நாம் மட்டும் கட்டுண்டு கிடக்கிறோமே என்று ஏங்கினார். 1838-இல் மாலுமி வேஷத்தில் தப்பிச் சென்று, பின்னர் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய பெருந்தலைவரானார். உல்லாசப் பாய்கள் அசைந்து செல்லும் இந்த நீரில், ஒரு காலத்தில் பாயே விடுதலையின் உருவமாய்த் தோன்றியிருக்கிறது.

இன்னும் தெற்கே, பல நாள் பிரயாணத்தில், ஸ்மித் தீவு. பாலம் கிடையாது, படகு ஒன்றே வழி. கால்வாய் ஆழமற்றது, பெரிய படகுகள் ஜாக்கிரதையாக வர வேண்டும். ஜனங்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. அவர்களுடைய கேக் எட்டு முதல் பத்து மெல்லிய அடுக்குகள் கொண்டது. அடுக்குக்கு அடுக்கு சாக்லேட் பூச்சு. இலையுதிர் காலத்தில் சிப்பி எடுக்கக் கடலுக்குப் போகும் ஆடவர்களுக்கு வீட்டுப் பெண்கள் செய்து அனுப்பிய பண்டம் இது. 2008-இல் மேரிலாந்து இதையே ராஜ்யத்தின் இனிப்புப் பண்டமாகச் சட்டம் செய்து கௌரவித்தது.

ஆனால் கேக்கைக் கௌரவித்த சட்டம் தீவைக் காக்க முடியுமா? கடல் உயர்கிறது, நிலமும் மெல்ல அமிழ்கிறது. அலைகள் கரையைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. அருகிலுள்ள ஹாலண்ட் தீவில் ஒரு காலத்தில் முந்நூறு பேருக்கு மேல் வசித்தார்கள். பள்ளிக்கூடமும் கோவிலும் இருந்தன. அங்கே எஞ்சி நின்ற கடைசி வீடு 2010-இல் இடிந்து நீரில் விழுந்தது. 2012-இல் வீசிய ஸாண்டி புயலுக்குப் பிறகு, ஸ்மித் தீவினரின் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள சர்க்கார் முன்வந்தது. தீவினர் மறுத்துவிட்டார்கள்.

நண்டின் நிலைமையும் நிச்சயமில்லை. 1990-இல் தொடங்கிய வருடாந்திரக் கணக்கெடுப்பில், 2022-இல்தான் அதன் தொகை மிகவும் குறைந்திருந்தது. ஜலத்தைச் சுத்தம் செய்யும் சிப்பிகளோ, அளவுக்கு மீறி வாரியதாலும் நோயாலும் பழைய தொகையில் மிகச் சிறு பங்காகிவிட்டன. ஒரு பெரிய சிப்பி நாளொன்றுக்கு 50 காலன் வரை நீரை வடிகட்ட வல்லது என்றால் நஷ்டத்தை ஊகித்துக்கொள்ளலாம். சிப்பி வாருவதற்கு நீராவி இயந்திரம் கூடாது, பாய்மரம்தான் வேண்டும் என்று 1865-லேயே மேரிலாந்து விதித்திருந்தும் இக்கதி நேர்ந்தது. நம்பிக்கைக்கும் இடமில்லாமல் இல்லை. ஸெயின்ட் மைக்கேல்ஸுக்கு அப்பாலுள்ள ஹாரிஸ் ஓடையில் சுமார் 350 ஏக்கர் பரப்பில் சிப்பிப் பார்களை மீண்டும் உண்டாக்கியிருக்கிறார்கள்.

உல்லாசப் படகுக்காரர் இதில் என்ன செய்யக் கூடும்? படகின் கழிவை நீரில் விடாமல், அதை வாங்கிக்கொள்வதற்கென்றே துறைகளில் வைத்திருக்கும் குழாயில் சேர்க்கலாம். கடற்புல் வளர்ந்த இடத்தை விட்டு விலகி நங்கூரம் பாய்ச்சலாம். கட்டுச்சாதத்தோடு வந்து கட்டுச்சாதத்தோடு திரும்பாமல், ஊர்க் கடையில் நாலு காசு செலவழிக்கலாம். விருந்தாளிக்கு உரிய சிறு கடமைகள் இவை. நல்ல நங்கூரம் படகை ஓர் இரவு காக்கும். அடுத்த வருஷமும் அங்கே விருந்து கிடைக்க வேண்டுமானால், கரையில் அடுப்பெரிய வேண்டும் அல்லவா?