காசநோயும் சமுதாயமும்

‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் ஈற்றுக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். பிணியுற்றோன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து தொண்டு புரிவோன் என்பனவே அவை. விஞ்ஞானம் வியத்தகு கருவிகளை அளித்துள்ள இக்காலத்தும் இப்பகுப்புப் பொருந்துவதே என்பதைக் காசநோயின் வரலாறு கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இந்நோய்க்குக் காரணமான நுண்கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டில் கண்டு வெளியிட்டார். எனினும், காரணம் அறிந்து அறுபது ஆண்டாகியும் அதனைக் கொல்லும் மருந்து அகப்பட்டிலது. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றையே மருந்தெனக் கொண்டு, நோயாளரை ஊர்ப்புறத்துச் சானடோரியங்களில் மாதக்கணக்காய் வைத்துப் பேணினர். மதனப்பள்ளிக்கு அருகே மிஷன் சங்கங்கள் கூடி 1915-இல் திறந்த ஆரோக்கியவரமும், 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் இவ்வகையின. ஆனால் படுக்கைகளோ சில, நோயாளரோ பலர். மேலும், கூலி வேலை செய்யும் ஒருவன் ஓராண்டு அங்கே தங்குவானாயின், அவன் மனைவி மக்களுக்கு உணவளிப்போர் யாவர்?

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-இல் ஐசோநியாஸிட் என்னும் மலிவான மாத்திரை வழக்கிற்கு வந்தது. மாத்திரையே கிருமியைக் கொல்லுமாயின் படுக்கை வேண்டுமோ என்ற வினா எழுந்தது. அதற்கு விடை காணவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தன. நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் இல்லத்திலும் இருந்து ஓராண்டு ஒரே மருந்தை உண்டனர். முன்னவர்க்கு ஓய்வும் நல்லுணவும் மிகுதி. ஆயினும், 1959-இல் வெளியான முடிவின்படி, இல்லத்தில் இருந்தோரும் ஏறக்குறைய அவர்களை ஒப்பவே குணமுற்றனர். உடன் வாழ்ந்தோர்க்கும் அதனால் நோய் மிகுந்திலது. மருந்து தொடங்கிய பின் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைதலே அதற்குக் காரணமாம். இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றிற்று. 1962-இல் தொடங்கிய நம் நாட்டுத் தேசியக் காசநோய்த் திட்டமும் இல்லச் சிகிச்சையையே தழுவிற்று.

எனினும் புதியதோர் இடர் தோன்றிற்று. சில வாரங்களில் இருமலும் காய்ச்சலும் தணியவே, நோயாளர் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய கிருமிகளோ மருந்துக்கு அடங்காதனவாய்ப் பெருகுகின்றன. ஆதலின், பிறரொருவர் கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறை சென்னையில் ஆராயப்பட்டுப் பின்னர் உலகம் முழுதும் பரவிற்று. வள்ளுவர் கூறிய நான்காவது கூறு இதுவன்றோ?

இன்று ரிஃபாம்பிசின் முதலிய மருந்துகளால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதத்தில் முடிகின்றது. கிருமியையும், அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவியும் உண்டு. ஆயினும் உலகக் காசநோயாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியராவர். ஏன்? வயிறு வாடிய உடலில் கிருமி எளிதில் தலைதூக்கும். ஜார்க்கண்டில் நோயாளரின் குடும்பத்தார்க்கு உணவுப் பொருள் அளித்து நிகழ்த்திய ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அவர்களிடையே நோய் தோன்றுதல் 39 விழுக்காடு குறைந்ததென அது காட்டிற்று. நோயாளரின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்த இந்திய அரசாங்கம், 2024 நவம்பரில் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியது.

கருவியாலும் பணத்தாலும் தீராத குறை ஒன்றுண்டு, அதுவே நாணம். மணம் தடைப்படும், வேலை போய்விடும் என்று அஞ்சி நோயை மறைப்போர் பலர். மறைக்கும் காலமெல்லாம் நோய் பரவும் காலமே. மருந்தை விஞ்ஞானியும் உணவை அரசாங்கமும் அளிக்கலாம். அச்சத்தை நீக்குதல் அயலாராகிய நம் கடமை. குஷ்டரோகியை விலக்காது தொட்ட ஆண்டவரின் பெயரைத் தரித்த கல்லூரியிற் பயிலும் நாம், இரு வாரத்திற்கு மேல் இருமும் தோழனை விட்டு விலகாமல் பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்வோமாக.