அவர்களைக் கேட்டீர்களா?

நாம் உபாத்தியாயத் தொழிலில் புகுந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மாமல்லபுரத்துக்கு உல்லாசப் பிரயாணம் அழைத்துச் செல்வதென்று தீர்மானமாயிற்று. அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சிறு பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு இரு கால்களும் சூம்பிப் போனவன். தினந்தோறும் அவனுடைய அண்ணன் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுவந்து வகுப்பு வாசலில் இறக்கிவிடுவான். "மணலிலும் பாறையிலும் இவன் என்ன செய்வான்? பாவம், கஷ்டப்படுவானே!" என்று நாமே இரங்கி, நாமே முடிவு கட்டி, அவன் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டோம். அதற்கு ஈடாக நல்ல கதைப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். நம்முடைய கருணையைக் குறித்து நமக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை ஒளிப்பானேன்?

பிரயாணம் முடிந்து திரும்பிய மறுநாள் பையன் அந்தப் புத்தகத்தை நம் மேஜைமேல் வைத்தான். முகத்தில் கோபமில்லை, கண்ணில் நீருமில்லை. "நான் வரமாட்டேன்னு உங்களுக்கு யார் ஸார் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டான்.

பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

மாற்றுத் திறனாளிகள் என்று இன்று நாம் மரியாதையுடன் அழைக்கும் மக்கள், சென்ற அறுபது ஆண்டுகளாக உலகின் பல தேசங்களில் அந்தந்த சர்க்கார்களைப் பார்த்துக் கேட்டு வந்திருக்கும் கேள்வியும் ஏறக்குறைய இதுதான். "எங்களுக்கு உதவி செய்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் எந்த உதவி, எப்பொழுது, யார் கையால் என்பதை எங்களைக் கேட்டீர்களா?" என்கிறார்கள் அவர்கள். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் சிலவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

* * *

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். கலிபோர்னியா மாகாணத்தில் எட் ராபர்ட்ஸ் என்னும் பிள்ளைக்கு 1953-ஆம் ஆண்டில், பதினான்காம் வயதில், இளம்பிள்ளை வாதம் கண்டது. கழுத்துக்குக் கீழே அநேகமாக உடம்பு முழுவதும் செயலற்றுப் போயிற்று. மூச்சு விடுவதற்கே 'இரும்பு நுரையீரல்' என்னும் பெரிய யந்திரத்துக்குள் படுத்திருக்க வேண்டிய நிலைமை. ஆயினும் அவர் படிப்பை விடவில்லை. உயர்தரப் பள்ளியில் தேறும் தருணத்தில், "தேகப் பயிற்சி வகுப்பும் மோட்டார் ஓட்டும் வகுப்பும் முடிக்கவில்லை; ஆகையால் பட்டயம் கிடையாது" என்றார்கள்! தாயார் விடாமல் போராடி அதை வாங்கித் தந்தார். பிறகு பெர்க்கிலி சர்வகலாசாலையில் சேர முயன்றபோது, மாகாணத்தின் மறுவாழ்வு இலாகா பணம் தர மறுத்தது. இவ்வளவு கடுமையான ஊனமுள்ளவர் உத்தியோகம் பார்ப்பது நடவாத காரியம் என்பது இலாகாவின் அபிப்பிராயம்.

அந்தத் தடையையும் தாண்டி, 1962-இல் ராபர்ட்ஸ் பெர்க்கிலியில் சேர்ந்தார். அவருடைய யந்திரத்துக்கு இடங்கொடுக்கக் கூடிய மாணவர் விடுதி இல்லாமையால், சர்வகலாசாலை ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறை கொடுத்தார்கள். அவரைத் தொடர்ந்து வேறு சில மாணவர்களும் சக்கர நாற்காலிகளில் அங்கே வந்து சேர்ந்தார்கள். இங்கேதான் விசேஷம் இருக்கிறது. இடம் ஆஸ்பத்திரியானாலும், தங்களை நோயாளிகள் என்று அவர்கள் எண்ணவில்லை. தங்களைத் தூக்கி உட்கார வைக்கவும், உடுத்தவும், உணவூட்டவும் வேண்டிய உதவியாட்களைத் தாங்களே பொறுக்கி எடுத்தார்கள். வேலையைத் தாங்களே கற்றுக் கொடுத்தார்கள். சரிப்படாதவர்களைத் தாங்களே அனுப்பிவிட்டார்கள். கை கால் அசையாதவர்கள் எஜமானர்களானார்கள்!

இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1972-இல் பெர்க்கிலியில் ஏற்பட்ட சுதந்திர வாழ்க்கை நிலையம். மாற்றுத் திறனாளிகள் தாங்களே நடத்திய ஸ்தாபனம் அது. 1975-இல் கவர்னர் ஜெர்ரி பிரவுன், மாகாண மறுவாழ்வு இலாகாவுக்குத் தலைவராக யாரை நியமித்தார் தெரியுமா? எட் ராபர்ட்ஸையேதான். உத்தியோகத்துக்கு லாயக்கற்றவர் என்று எந்த இலாகா அவரைத் தள்ளிற்றோ, அதே இலாகாவின் தலைமை நாற்காலிக்கு அவருடைய சக்கர நாற்காலி போய்ச் சேர்ந்தது.

* * *

இனி இங்கிலாந்துக்கு வருவோம். ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் லே கோர்ட் என்னும் மாளிகை ஒன்று இருந்தது. உலக யுத்தத்தில் விமானப் படைத் தலைவராயிருந்த லெனார்டு செஷயர் 1948-இல் அங்கே ஆதரவற்ற ஒரு நோயாளியை ஏற்றுப் பராமரிக்கத் தொடங்கினார். அந்தத் தொடக்கத்திலிருந்து செஷயர் இல்லங்கள் பல தேசங்களுக்கும் பரவின. நம் இந்தியாவிலும் உள்ளன. செஷயரின் நல்ல உள்ளத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இல்லம் என்று ஏற்பட்டுவிட்டால் அங்கே விதிகளும் ஏற்பட்டு விடுகின்றன. இரவு எத்தனை மணிக்கு உறங்கப் போவது என்பதைக் கூட வயது வந்தவர்கள் தாங்களே முடிவு செய்ய முடியாமலிருந்தது. லே கோர்ட்வாசிகள் இவற்றையெல்லாம் எதிர்த்து வருஷக்கணக்கில் வாதாடினார்கள். அங்கே பல ஆண்டுகள் வசித்த பால் ஹண்ட் என்பவர் 1972-இல் 'கார்டியன்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, இல்லங்களில் அடைபட்டவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் காண வேண்டுமென்று அறைகூவினார்.

1979-இல் ஜான் இவான்ஸ் முதலிய லே கோர்ட்வாசிகள் சிலர் ஒரு யோசனை செய்தார்கள். 'எங்களை இல்லத்தில் வைத்திருப்பதற்காக ஊராட்சி மன்றம் ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிடுகிறது. அதே பணத்தை எங்களிடம் கொடுத்தால், வெளியே வீடு எடுத்து, உதவியாளரை நியமித்து, நாங்களே வாழ்ந்து காட்டுவோம்.' எளிய கணக்குத்தான். 1981-ஆம் ஆண்டு சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக இருந்ததால், முயற்சிக்கு 'திட்டம் 81' என்று பெயரிட்டார்கள்.

ஆனால் குறுக்கே ஒரு சட்டம் நின்றது. இங்கிலாந்தின் 1948-ஆம் வருஷத்துத் தேசிய உதவிச் சட்டப்படி, மன்றங்கள் சேவை செய்யலாம். சேவைக்குப் பதிலாகப் பணம் கொடுக்கக் கூடாது. ஆகவே மன்றம் இல்லத்துக்குப் பணம் தருவது, இல்லம் அதை உரியவரிடம் சேர்ப்பது என்று ஒரு சுற்றுவழி கண்டார்கள். 1983-இல் இவான்ஸ் லே கோர்ட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குக் குடிபோனார். அந்தச் சுற்றுவழி ராஜபாட்டையாவதற்கு மேலும் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1996-இல் பார்லிமெண்டு நேரடித் தொகைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1997 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே இருந்த அந்த வசதி, 2000-ஆம் ஆண்டில் முதியோருக்கும் விரிந்தது.

* * *

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று நேயர்கள் அறிய விரும்பலாம். மன்றத்து அதிகாரி ஒருவர் வந்து, இன்னாருக்கு என்ன என்ன காரியங்களுக்கு உதவி தேவை என்று மதிப்பிடுகிறார். அதற்கேற்ற தொகை, அதற்கென்றே திறந்த பாங்கிக் கணக்கில் சேர்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு அவர் உதவியாளரை அமர்த்திக் கொள்கிறார். காலை ஆறு மணிக்கு எழுப்புவதா, எட்டு மணிக்கா. இன்று மாலை சந்தைக்கா, சங்கீதக் கச்சேரிக்கா - எல்லாம் அவர் இஷ்டம். ஆனால் எஜமானர் என்றால் எஜமானருக்குரிய கடமைகளும் உண்டு. சம்பளக் கணக்கு, இன்ஷூரன்ஸ், உதவியாளருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவுக் கணக்கை மன்றத்துக்குக் காட்ட வேண்டும். கணக்கு வழக்குகளில் கை கொடுப்பதற்கென்று மாற்றுத் திறனாளிகளே நடத்தும் நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. ஒரே வீட்டில் வசிக்கும் கணவன் மனைவியையோ நெருங்கிய உறவினரையோ இந்தப் பணத்தில் வேலைக்கு அமர்த்துவது சாதாரணமாக அனுமதிக்கப்படுவதில்லை.

"பணத்தைக் கையில் கொடுத்தால் வீண் செலவாகாதா?" என்று சிலர் கேட்கக் கூடும். அங்கேயும் கேட்டார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, மன்றங்கள் தாமே ஆள் அனுப்பிச் செய்யும் உதவியைக் காட்டிலும் இந்த முறை சிக்கனமானது என்று காட்டியது. பணத்தின் அருமை, அதை நம்பியே எழுந்து உட்கார வேண்டியவனுக்குத் தெரிவது போல் வேறு யாருக்குத் தெரியும்?

சுவீடன் தேசத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1994 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, கடுமையான ஊனமுள்ளவர் தனி உதவியாளரைப் பெறுவது அவருடைய உரிமையாகிவிட்டது. அடிப்படைத் தேவைகளுக்கு வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் உதவி தேவைப்படுபவர்களின் செலவைத் தேசத்தின் சமூக இன்ஷூரன்ஸ் இலாகாவே ஏற்கிறது.

இதெல்லாம் ராமராஜ்யம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1988-இல் ஏற்பட்ட சுதந்திர வாழ்க்கை நிதி, பல ஆயிரம் பேருக்கு வீட்டோடு வாழ வழி செய்தது. சர்க்கார் அதை 2015 ஜூன் 30-ஆம் தேதி மூடிவிட்டது. பொறுப்பு மன்றங்களின் தலையில் விழுந்தது, மன்றங்களுக்கோ பணமுடை. ஒப்புக்கொண்ட உரிமையைக் கூட ஒவ்வொரு வருஷமும் காவல் காக்க வேண்டியிருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

* * *

நம் தேசத்தின் நிலை என்ன? 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத் திறனாளிகள் இருந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, தாம் எங்கே, யாருடன் வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. 2007 அக்டோபரில் இந்தியா அதை உறுதி செய்தது. 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த நமது சட்டம், 21 வகை ஊனங்களை ஏற்றுக் கொண்டிருக்கிறது. சமூகத்தின் நடுவே வாழும் உரிமையையும் தனி உதவியாளர் என்ற கருத்தையும் அது குறிப்பிடுகிறது. அதிக உதவி தேவைப்படுவோர் விண்ணப்பம் செய்து கொள்ளவும் அதில் வழி இருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் குறைவில்லை. ஆனால் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 80 சதவிகிதத்துக்குக் குறையாத ஊனமுள்ள ஒருவருக்கு மத்திய சர்க்கார் தரும் பென்ஷன் மாதம் 300 ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய். ராஜ்ய சர்க்கார்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. ஆயினும் ஒருவருக்கு இத்தனை மணி நேர உதவி தேவை என்று மதிப்பிட்டு, அதற்குரிய பணம் முழுவதையும் அவர் கையிலேயே கொடுக்கும் ஏற்பாடு நாடு முழுவதற்குமாக இங்கே இன்னும் ஏற்படவில்லை. அந்த வேலையை நம் வீடுகளில் சம்பளமில்லாமல் செய்து வருகிறவர்கள் தாய்மார்களும் சகோதரிகளும்தான். "எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக் கொள்வார்கள்?" என்று இரவெல்லாம் உறங்காதிருக்கும் தாய் எத்தனை பேர்! அவர்களுடைய அன்பைப் புகழ்ந்து பேசிவிட்டு, பாரத்தை அவர்கள் தலையிலேயே விட்டுவிடுவது தர்மமாகாது. சுயராஜ்யம் என்ற சொல்லின் பொருளை நாம் நன்கறிவோம். அன்னியன் நன்றாகவே ஆண்டாலும், நம்மை நாம் ஆள்வதற்கு அது ஈடாகாது என்று சொன்னவர்கள் அல்லவா நாம்? அந்த நியாயம் நமது வீட்டின் மூலையில் படுத்திருப்பவருக்கும் பொருந்தும்.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்கார் செய்யட்டும். அதற்காக நாம் குரல் கொடுப்போம். காசு செலவில்லாமல் நாம் இன்றே செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. அது கேட்பது. "இவருக்குக் காப்பியா, டீயா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிக்காமல், நாற்காலியில் இருப்பவரையே பார்த்துக் கேட்பது.

நாம் அந்தப் பாடத்தைக் கற்றுக் கொண்டோம். மறு வருஷம் செஞ்சிக் கோட்டைக்குப் பிரயாணம் ஏற்பாடாயிற்று. இம்முறை முதலில் அந்தப் பையனிடமே போய், "வருகிறாயா?" என்று கேட்டோம். அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு, "வேண்டாம் ஸார். செஞ்சியிலே படி ஜாஸ்தி. வேடந்தாங்கல் போனா சொல்லுங்க, வர்றேன்" என்றான்.

அந்த வருஷமும் அவன் வரவில்லை. ஆனால் முதல் வருஷம் அவன் வராததும், இந்த வருஷம் அவன் வராததும் ஒன்றல்ல என்பதை அவனுடைய புன்சிரிப்பே நமக்குச் சொல்லிற்று.